டிராகுலா கோட்டையில் கலிலியோ

கோடை விடுமுறைக்கு என் அக்காள் மகன் ஆழ்வார்திருநகரிக்கு வந்திருந்தான். தூத்துக்குடியில் ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். எங்கள் ஊர் ஆதிநாதர் கோயிலில் ஒரு பழைய புளியமரம் இருக்கிறது. அதற்கு உறங்காப்புளி என்று பெயர். மற்றப் புளியமரங்கள் இரவில் இலைகளை மடித்துக்கொள்ளும். இந்த மரம் மடிப்பதில்லை என்பது ஊர் வழக்கு. "கோயிலிலே ஒரு உறங்காப்புளி, நம்ம வீட்டிலே ஒரு உறங்காப்பிள்ளை" என்று என் தாயார் பேரனைக் கேலி செய்வார். அவன் உறங்காததற்குக் காரணம் அவன் கொண்டுவந்திருந்த மடிக்கணினி. அதற்குள் இருந்த ஒரு வீடியோ விளையாட்டு.

மூன்றாம் நாள் இரவு மணி பதினொன்று. திண்ணையில் படுத்திருந்த எனக்கு உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். மருமகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னல ஆச்சு?" என்று கேட்டேன்.

"இந்த ஆட்டமே தப்பு மாமா. ஒரு தடவை குதிச்சிட்டா, அந்தரத்திலே திரும்பவே மாட்டேங்கான். மற்ற ஆட்டத்திலே எல்லாம் திரும்புதான். இதிலே மட்டும் குழிக்குள்ளே விழுந்து செத்துப் போறான்."

"தப்பு என்று எப்படிச் சொல்கிறாய்? அதுதான் சரியாக இருந்தால்?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அன்று தொடங்கிய ஆராய்ச்சி ஒரு வாரம் நீடித்தது. அதில் நாங்கள் கண்டவற்றைத்தான் மாணவ நண்பர்களுக்கு இங்கே சொல்லப் போகிறேன்.

கோட்டையும் சாட்டையும்

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். இரத்தம் குடிக்கும் பிரபுவாகிய டிராகுலாவை உலகப் புகழ் பெறச் செய்தவர் பிராம் ஸ்டோக்கர் என்ற அயர்லாந்து எழுத்தாளர். அவருடைய நாவல் 1897இல் வெளிவந்தது. அந்தப் பெயரை வைத்து ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1986இல் ஒரு வீடியோ விளையாட்டை வெளியிட்டது. பிற நாடுகளில் அதற்குக் 'காசில்வேனியா' என்று பெயர். சைமன் பெல்மான்ட் என்ற வீரன் கையில் ஒரு சாட்டையுடன் டிராகுலாவின் கோட்டைக்குள் நுழைகிறான். வௌவால்கள், எலும்புக் கூடுகள், பறக்கும் தலைகள் ஆகியவற்றைச் சமாளித்துக் கடைசியில் டிராகுலாவை எதிர்கொள்ள வேண்டும். பழைய ஆட்டங்கள் சிலவற்றைத் தொகுத்து 2019இல் மீண்டும் வெளியிட்டார்கள். மருமகனிடம் இருந்தது அந்தத் தொகுப்பு.

இந்த ஆட்டத்தில் வீரன் நின்ற இடத்திலிருந்து குதித்தால் நேர் மேலே போய் நேர் கீழே வருவான். முன்னோக்கிக் குதித்தால் முன்னோக்கியே போய்த்தான் இறங்குவான். நடுவில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திசை மாறாது. 1985இல் வெளிவந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஆட்டத்திலோ கதாநாயகன் அந்தரத்தில் இருக்கும்போதே வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பின்னோக்கியும் வரலாம். இரண்டில் எது இயற்பியலுக்கு நெருங்கியது?

படித்துறையில் ஒரு சோதனை

மறுநாள் காலை குளிப்பதற்காகத் தாமிரபரணிக்குப் போனோம். படித்துறையில் ஊர்ப் பிள்ளைகள் ஓடிவந்து ஆற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் குதி. கால் கல்லை விட்டு எழும்பிய பிறகு, 'வேண்டாம்' என்று நினைத்துத் திரும்பி வந்து படியில் நில், பார்ப்போம்" என்றேன்.

அவன் சிரித்தான். நான்கு முறை குதித்தான். கையைச் சுழற்றினான், காலை உதைத்தான், உடம்பை முறுக்கினான். நான்கு முறையும் தண்ணீரில்தான் விழுந்தான்.

காரணம் எளிது. நாம் நடக்கும்போது நம்மை முன்னே தள்ளுவது தரை. நாம் காலால் தரையைப் பின்னே தள்ளுகிறோம். உராய்வின் துணையால் தரை நம்மை முன்னே தள்ளுகிறது. திரும்புவதற்கும் நிற்பதற்கும் அதே உராய்வு வேண்டும். தரையை விட்டு எழும்பியவுடன் நம்மைக் கிடைத்திசையில் தள்ள ஒன்றும் இல்லை. காற்றின் எதிர்ப்பு இருக்கிறது. ஆனால் இத்தனை குறைந்த வேகத்தில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆகவே ஓடிவந்த வேகம் அப்படியே நீடிக்கும். உடம்பை எப்படி முறுக்கினாலும் அதன் புவியீர்ப்பு மையம் முன்பே தீர்மானிக்கப்பட்ட பாதையில்தான் செல்லும்.

அந்தப் பாதை எது என்பதை முதலில் தெளிவாகக் கண்டவர் கலிலியோ. 1638இல் லெய்டன் நகரில் வெளியான தம் நூலில் அவர் ஒரு முக்கியமான உண்மையை விளக்கினார். எறியப்பட்ட பொருளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு இயக்கங்கள் உண்டு. கிடைத்திசையில் மாறாத வேகம். செங்குத்துத் திசையில் சீராக மாறும் வேகம். இவ்விரண்டும் சேர்ந்தால் கிடைக்கும் வளைகோடு பரவளையம்.

எங்கள் படித்துறையில் தண்ணீருக்கு மேல் 2 மீட்டர் உயரமுள்ள படியிலிருந்து, வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து ஒருவன் விழுகிறான் என்று கொள்வோம். 2 மீட்டர் விழுவதற்கு ஏறத்தாழ 0.64 வினாடி ஆகும். அதற்குள் அவன் கிடைத்திசையில் 0.64 × 3, அதாவது 1.9 மீட்டர் தூரம் சென்றுவிடுவான். இதில் அவன் விருப்பத்திற்கு இடமே இல்லை.

ஆகவே தீர்ப்பு என்ன? அந்தரத்தில் திரும்ப மறுக்கும் சைமன் பெல்மான்ட், கலிலியோவின் பக்கம் நிற்கிறான். மேரியோதான் இயற்பியலை மீறுகிறான். "அப்படின்னா குதிக்கிறதுக்கு முன்னாலேயே யோசிக்கணும்" என்றான் மருமகன். ஆம், ஆற்றிலும் அப்படித்தான்.

திரையில் எதுவும் நகர்வதில்லை

அன்று மாலை அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான். "கணினிக்குப் புவியீர்ப்பு கிடையாதே மாமா. அவன் எப்படிக் கீழே விழுறான்?"

நல்ல கேள்வி. உண்மையில் திரையில் எதுவும் விழுவதில்லை. திரைப்படத்தைப் போலவே இங்கும் அசையாத படங்கள்தாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. அந்தக் கால ஜப்பானிய விளையாட்டுப் பெட்டி வினாடிக்கு ஏறத்தாழ 60 படங்களைக் காட்டியது. ஒவ்வொரு படமும் அகலத்தில் 256 புள்ளிகளும் உயரத்தில் 240 புள்ளிகளும் கொண்டது. பெட்டியின் மூளையாகிய நுண்செயலி வினாடிக்கு 17.9 இலட்சம் முறை துடித்தது. அதை 60ஆல் வகுத்தால், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே கிடைப்பவை ஏறத்தாழ 30,000 துடிப்புகள். அதற்குள் வீரன் எங்கே, வௌவால் எங்கே, சாட்டை எதன்மேல் பட்டது என்ற கணக்குகளையெல்லாம் முடித்தாக வேண்டும். இவற்றைக் குறித்துவைக்க அந்தப் பெட்டிக்குள் இருந்த தற்காலிக நினைவகம் 2048 பைட்டுகள் மட்டுமே. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்தாலும், நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையில் ஒரு சிறு பகுதிதான் அதில் அடங்கும்!

இவ்வளவு சிறிய பெட்டியில் பரவளையத்தை எப்படி வரைவது? பெருக்கல், வர்க்கம் எல்லாம் தேவையே இல்லை. கூட்டல் போதும்.

ஒவ்வொரு படத்திற்கும் இரண்டு வேலைகள். முதலாவது, வேகத்தோடு ஒரு மாறாத எண்ணைக் கூட்டு. இரண்டாவது, அந்த வேகத்தை இடத்தோடு கூட்டு. இவ்வளவுதான்!

உச்சியிலிருந்து ஒரு வீரன் விழத் தொடங்குகிறான் என்று கொள்வோம். கூட்டும் எண் 1. முதல் படத்தில் அவன் வேகம் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3. ஆகவே முதல் படத்தில் 1 புள்ளி இறங்குகிறான். அடுத்ததில் 2 புள்ளிகள். அதற்கடுத்ததில் 3 புள்ளிகள்.

"கலிலியோ சொன்னது அது இல்லையே!" என்று மருமகன் குறுக்கிட்டான். பாடப் புத்தகத்தை நன்றாகப் படித்திருக்கிறான். விழும் பொருள் சம நேர இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் இருக்கும் என்பதல்லவா கலிலியோவின் விதி? கணினி 1, 2, 3, 4 என்று போகிறதே?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்துக் கூட்டுங்கள். முதல் பத்துப் படங்களில் இறங்கிய தூரம் 1 முதல் 10 வரையுள்ள எண்களின் கூடுதல், அதாவது 55. அடுத்த பத்துப் படங்களில் 11 முதல் 20 வரை, கூடுதல் 155. அதற்கடுத்த பத்தில் 255. விகிதம் என்ன? 1 : 2.82 : 4.64. ஒற்றை எண்கள் எட்டிப் பார்க்கின்றன அல்லவா? நூறு நூறாகச் சேர்த்தால் 5050, 15050, 25050. விகிதம் 1 : 2.98 : 4.96. கால இடைவெளியை எத்தனை நுண்ணிய துண்டுகளாக வெட்டுகிறோமோ, அத்தனை நெருக்கமாகக் கலிலியோவின் 1 : 3 : 5 வந்துவிடுகிறது. மேல் வகுப்பில் நீங்கள் படிக்கப்போகும் நுண்கணிதத்தின் உயிர்நாடி இதுவே. இன்று விண்கலங்களின் பாதையையும் புயல்களின் போக்கையும் கணிப்பதற்குக் கணினிகள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். துண்டு துண்டாக வெட்டிக் கூட்டுகின்றன.

வியாழனை விட வலிய ஈர்ப்பு

கூட்டும் எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் விளையாட்டை எழுதுபவர். அதாவது, அந்த உலகத்தின் புவியீர்ப்பை அவரே தீர்மானிக்கிறார். அது எவ்வளவு என்று நாம் வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

எம்பிக் குதித்து அதே தரையில் இறங்கும் ஒருவனுக்கு இந்த வாய்பாடு பொருந்தும்: ஈர்ப்பு முடுக்கம் = 8 × உயரம் ÷ (அந்தரத்தில் இருந்த நேரத்தின் வர்க்கம்). ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே நேரம் ஆகிறது என்பதிலிருந்து நீங்களே இதைத் தருவிக்கலாம்.

ஒரு விளையாட்டில் 1.7 மீட்டர் உயரமுள்ள வீரன் தன் உயரம் அளவுக்கு எம்பி, 0.7 வினாடியில் மீண்டும் தரைக்கு வந்துவிடுகிறான் என்று கொள்வோம். 8 × 1.7 = 13.6. இதை 0.49ஆல் வகுத்தால் 27.8. அதாவது, அவன் உலகத்தில் ஈர்ப்பு முடுக்கம் 27.8 மீ/வி². நம் பூமியில் 9.8. வியாழனின் மேகப் பரப்பில்கூட ஏறத்தாழ 24.8தான்! அத்தனை கனமான உலகத்தில் தன் உயரத்திற்கு எம்புகிறவன் எப்பேர்ப்பட்ட பலசாலி!

ஏன் இப்படி வைக்கிறார்கள்? நம் பூமியின் ஈர்ப்பிலே 1.7 மீட்டர் எம்பினால் கீழே வர 1.18 வினாடி ஆகும். பொத்தானை அழுத்தி விளையாடுகிறவனுக்கு அது மிகவும் மெதுவாக, பலூன் மிதப்பதைப் போலத் தோன்றும். உயரமாகவும் குதிக்க வேண்டும், விரைவாகவும் இறங்க வேண்டும் என்றால் ஈர்ப்பைக் கூட்டுவது ஒன்றே வழி.

நம் ஊரில் ஈர்ப்பு குறைந்த கதை

இங்கே ஒரு வேடிக்கை. நான் பள்ளியில் படித்த 1990களில், தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து ஆடும் மலிவு விலை விளையாட்டுப் பெட்டிகள் நம் ஊர்களுக்கும் வந்தன. ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள் அவை. ஜப்பானியத் தொலைக்காட்சி வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். இந்தியாவில் நாம் ஏற்றுக்கொண்ட முறையில் வினாடிக்கு 50 முறை. நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 50தான்.

60க்கு எழுதிய விளையாட்டை மாற்றாமல் 50இல் ஓட்டினால் என்ன ஆகும்? விளையாட்டுக்குக் கடிகாரம் தெரியாது. படங்களை எண்ணத்தான் தெரியும். 42 படங்கள் நீடிக்கும் ஒரு குதிப்பு 60இல் 0.7 வினாடி. அதே 42 படங்கள் 50இல் 0.84 வினாடி. உயரம் மாறாது, நேரம் மட்டும் கூடும். மேலே சொன்ன வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள். ஈர்ப்பு முடுக்கம் 27.8 என்பது 19.3 ஆகிவிடுகிறது. அதாவது 36இல் 25 பங்கு. வீரன் மட்டுமா? வௌவாலும் இசையும்கூடச் சோம்பிவிடும். ஜப்பானியச் சிறுவனை விட நெல்லைச் சிறுவனுக்குத் தப்பிக்க ஐந்தில் ஒரு பங்கு நேரம் அதிகம் கிடைத்தது!

இன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை முந்தைய படத்திற்குப் பிறகு எத்தனை வினாடி கழிந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுகின்றன. ஆகவே இந்த வேடிக்கை இப்போது அரிதாகிவிட்டது.

பறக்கும் தலையும் சைன் வளைவும்

மருமகனைத் திரும்பத் திரும்பக் கொன்றது டிராகுலா அல்ல. பாம்புக் கூந்தல் கொண்ட பறக்கும் தலைகள். கிரேக்கக் கதைகளில் வரும் மெடூசாவின் தலை அது. மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே எதிரே வரும். அது மேலே பட்டால் வீரன் பின்னால் தூக்கி எறியப்படுவான். பின்னால் குழி இருந்தால் அவ்வளவுதான்.

"அது எங்கே வரும்னே தெரியலை" என்றான்.

"தெரியாது என்று சொல்லாதே. அளந்து பார்க்கவில்லை என்று சொல்" என்றேன்.

ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தித் தலை இருக்கும் இடங்களைக் கட்டத்தாளில் குறித்தான். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளை இணைத்தவுடன் அழகான அலை ஒன்று கிடைத்தது. அது சைன் வளைவு! கிடைத்திசையில் மாறாத வேகம். செங்குத்தாகத் தனிச்சீரிசை இயக்கம். இரண்டும் சேர்ந்தால் இந்த அலை. ஊஞ்சலில் கட்டிய பேனாவின் அடியில் ஒரு தாளைச் சீராக இழுத்தால் கிடைக்கும் வளைவும் இதுவே.

இனி என்ன? ஒரு முழு அலைக்குரிய தூரம் தெரிந்துவிட்டது. தலை திரையின் ஓரத்தில் தோன்றும் உயரத்தைக் கண்டால், நாம் நிற்கும் இடத்திற்கு வரும்போது அது மேட்டில் இருக்குமா பள்ளத்தில் இருக்குமா என்று முன்னரே சொல்லிவிடலாம். மேட்டில் இருக்கும் இடத்தில் நின்றால் தலைக்கு மேலே போய்விடும். அன்றிரவு அந்த இடத்தை அவன் முதன்முறையாகக் கடந்தான். விரைவாக விரலை ஓட்டியதால் அன்று. அரை மணி நேரம் பொறுமையாகப் புள்ளி வைத்ததால்.

எங்கே பொய் சொல்கிறது?

விளையாட்டு எல்லா இடத்திலும் உண்மை பேசுகிறதா? இல்லை. சைமன் மேடையின் விளிம்பில் நடந்துபோய்த் தவறி விழுந்தால் செங்குத்தாகக் கல் போல விழுகிறான். நடந்துவந்த கிடைத்திசை வேகம் எங்கே போயிற்று? கலிலியோ இதை ஏற்கமாட்டார்.

இரண்டாவது பொய் இன்னும் பெரியது. ஒரு வௌவால் மோதினாலும் சைமன் பின்னால் தூக்கி எறியப்படுகிறான். உந்த அழிவின்மை விதிப்படி கணக்கிடுவோம். 40 கிராம் எடையுள்ள வௌவால் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. அதன் உந்தம் 0.04 × 5 = 0.2 கி.கி. மீ/வி. 60 கிலோ எடையுள்ள மனிதன் அதை முழுவதும் வாங்கிக்கொண்டாலும் அவன் பெறும் வேகம் வினாடிக்கு 3 மில்லிமீட்டர்! எறும்பு ஊர்வதைவிட மெதுவானது. அச்சத்தில் வேண்டுமானால் அவனே பின்னால் தாவுவான். வௌவால் அவனைத் தள்ளாது.

மூன்றாவது பொய்யைக் கண்டுபிடித்தது திரையில் அன்று, ஆற்றங்கரையில்.

உண்மையான வௌவால்

பழைய மண்டபங்களின் இருட்டில் வௌவால்கள் தங்குவது நெல்லைச் சீமையில் எங்கும் காணும் காட்சி. ஒரு நாள் அந்தி நேரத்தில் ஆற்றங்கரையில் நின்றோம். நீருக்கு மேலே சிறு வௌவால்கள் பறக்கத் தொடங்கின. பக்கத்திலிருந்த சிறுவர்கள் கல் எறிந்தார்கள். மருமகன் கையிலும் ஒரு கல் இருந்தது. விளையாட்டில் வௌவாலை அடித்தால் மதிப்பெண் கிடைக்கும் அல்லவா?

"முதலில் அதன் பாதையைப் பார். சைன் வளைவா?" என்று கேட்டேன்.

பார்த்தான். வளைவும் இல்லை, அலையும் இல்லை. திடீரென்று திரும்பின, செங்குத்தாக இறங்கின, மீண்டும் எழும்பின. சைமனால் முடியாததை இவை எளிதாகச் செய்தன. ஏனென்றால் இறக்கையால் காற்றைத் தள்ளுகின்றன. காற்று அவற்றைத் தள்ளுகிறது. குதிப்பவனுக்குத் தரை என்ன செய்ததோ, அதை வௌவாலுக்குக் காற்று செய்கிறது.

ஏன் இத்தனை திருப்பங்கள்? ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பூச்சியைத் துரத்துகிறது. இருட்டில் பூச்சி இருக்குமிடம் எப்படித் தெரிகிறது? 1938இல் அமெரிக்காவில் டொனால்ட் கிரிஃபின், ஜி. டபிள்யூ. பியர்ஸ் ஆகிய இருவரும் வௌவால்கள் நம் காதுக்கு எட்டாத மீயொலிகளை எழுப்புவதைக் கருவியால் பதிவு செய்தனர். அந்த ஒலியின் எதிரொலியைக் கேட்டே அவை வழியறிகின்றன என்பது அதன்பின் உறுதியாயிற்று.

நம் விளையாட்டுக் கணக்கோடு இதை ஒப்பிடுங்கள். ஒரு படத்திற்கு 60இல் ஒரு வினாடி. அதற்குள் ஒலி காற்றில் 5.7 மீட்டர் செல்லும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், 2.8 மீட்டர் தொலைவில் உள்ள பூச்சியின் எதிரொலி ஒரு படத்தின் நேரத்திற்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. பூச்சியை நெருங்கிய கடைசிக் கணத்தில் சில வௌவால்கள் வினாடிக்கு 150க்கும் மேற்பட்ட ஒலித் துடிப்புகளை எழுப்புகின்றன. அந்தப் பெட்டி ஒரு படம் காட்டும் நேரத்திற்குள் வௌவால் தன் உலகத்தை இரண்டு மூன்று முறை புதுப்பித்துக்கொள்கிறது!

"அதெல்லாம் சரி மாமா, இரத்தம் குடிக்குமா?"

உலகில் வௌவால் இனங்கள் ஆயிரத்து நானூறுக்கும் மேல். இரத்தம் உண்பவை அவற்றில் மூன்றே மூன்று. மூன்றும் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையுள்ள பகுதிகளில் மட்டுமே வாழ்கின்றன. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. அவையும் இரத்தத்தை உறிஞ்சுவதில்லை. சிறு காயம் செய்து நக்குகின்றன. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு பொருள் அவற்றின் எச்சிலில் உண்டு. விஞ்ஞானிகள் அதற்கு 'டிராகுலின்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

நம் நாட்டில் 'பொய் இரத்தக்காட்டேரி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட ஒரு வௌவால் உண்டு. மெகாடெர்மா லைரா என்பது அதன் நெடுநாளைய விஞ்ஞானப் பெயர். பெயரிலேயே 'பொய்' இருக்கிறது பாருங்கள். தவளை, எலி, பெரிய பூச்சிகள் இவையே அதன் உணவு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. மாரிமுத்துவும் ஜெர்மானிய அறிஞர் நாய்வைலரும் இதை ஆராய்ந்து 1987இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இரை அசையும்போது எழும் சலசலப்பைக் கேட்டே இந்த வௌவால் பாய்ந்து பிடிக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவர் குழுவினரும் செய்த இன்னொரு சோதனை நம் உறங்காப்பிள்ளைக்கும் பொருந்தும். வெளிச்சம் எட்டாத குகைக்குள் தனியாக வைக்கப்பட்ட வௌவாலின் உடற்கடிகாரம் வெளியுலகின் இரவுபகலோடு ஒட்டாமல் விலகிச் சென்றது. கூட்டத்தோடு அதே குகையில் கூண்டில் வைத்தபோது, மற்றவை போய்வருவதை உணர்ந்து தன் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. இதை அவர்கள் 1981இல் வெளியிட்டனர். நள்ளிரவு வரை தனியே திரையைப் பார்த்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு எழுகிறவனும் கிட்டத்தட்ட அந்தத் தனி வௌவால்தானே!

கல் கீழே விழுந்தது

பூச்சி தின்னும் வௌவால்கள் ஒவ்வோர் இரவும் நம் வயல்வெளிகளில் பறக்கும் பூச்சிகளைத் தின்று தீர்க்கின்றன. பழந்தின்னி வௌவால்களோ இலுப்பை போன்ற மரங்களின் விதைகளைத் தொலைதூரத்திற்குக் கொண்டுபோய்ப் போடுகின்றன. ஆனாலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் எலிகளோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. ஐம்பது ஆண்டுகள் ஆயிற்று! ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: எந்த வௌவாலையும் கையால் தொடக் கூடாது. சில நோய்க் கிருமிகள் அவற்றின் மூலம் பரவக்கூடும். தொடாமல் பார்ப்பதே இருவருக்கும் நல்லது.

மருமகன் கையிலிருந்த கல்லை ஆற்றில் போட்டான். போடுவதற்கு முன், அது எத்தனை வினாடியில் நீரைத் தொடும் என்று என்னிடம் பந்தயம் கட்டினான்.

ஊருக்குத் திரும்பும் முன் அவன் டிராகுலாவை வென்றானா என்று கேட்கிறீர்களா? இல்லை. கடைசி மாடிப்படி வரைதான் போக முடிந்தது. ஆனால் அவன் பையில் ஏழு கட்டத்தாள்கள் இருந்தன.

செய்து பாருங்கள்

1. நீங்கள் ஆடும் ஏதேனும் ஒரு விளையாட்டில் வீரன் குதிப்பதைப் பதிவு செய்யுங்கள். படம் படமாக நிறுத்தி, அவன் பாதத்தின் உயரத்தைக் கட்டத்தாளில் குறியுங்கள். பரவளையம் கிடைக்கிறதா? உச்சியில் சற்றுத் தயங்கி நிற்கிறானா?

2. அவன் உயரத்தை 1.7 மீட்டர் என்று கொண்டு அந்த உலகின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுங்கள். அது நிலவா, பூமியா, வியாழனா?

3. நீங்களே எம்பிக் குதித்து, நண்பர் ஒருவரைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அரை மீட்டர் எம்பினால் 0.64 வினாடி அந்தரத்தில் இருக்க வேண்டும். இருந்தீர்களா? இல்லையென்றால் பிழை எங்கே?

முடிவுகளை எங்களுக்கு எழுதுங்கள். பகலில் ஆடி, பகலில் அளந்து எழுதுங்கள்!